மூலையில் சிதறும் அலை: ஹாட்ஃபீல்டு தண்டவாளத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2000 அக்டோபர் 17, நண்பகல் தாண்டிச் சிறிது நேரம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த விரைவு ரயில், ஹாட்ஃபீல்டு நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள வளைவில் மணிக்குச் சுமார் 185 கி.மீ. வேகத்தில் நுழைந்தது. வளைவின் வெளிப்பக்கத் தண்டவாளம் வண்டியின் அடியிலேயே உடைந்தது. 4 பேர் இறந்தார்கள். 70க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது, ஏறத்தாழ 35 மீட்டர் நீளத் தண்டவாளம் 300க்கும் அதிகமான துண்டுகளாகக் கிடந்தது.

ஒரே இடத்தில் ஒடியும் தண்டவாளம் இப்படி நொறுங்காது. அந்த 35 மீட்டரும் ஏற்கெனவே விரிசல் கண்டிருந்தது. தண்டவாளத் தலையின் உள்பக்க வளைந்த ஓரத்தை, அதாவது சக்கரத்தின் விளிம்பு வந்து அழுத்தும் இடத்தை, ரயில்வேக்காரர்கள் கேஜ் கார்னர் என்பார்கள். சக்கரங்கள் ஓயாமல் உருண்டு அங்கே எஃகு களைத்துப்போகும். சில மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விரிசல்கள் கிளம்பும். ஹாட்ஃபீல்டில் இது விபத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. மாற்றுத் தண்டவாளமும் தயாராக இருந்தது, பொருத்தப்படவில்லை. அந்த நிர்வாகத் தவறுகள் நீதிமன்றம் வரை போயின. 2006இல் இறுதி விசாரணை அறிக்கையும் வந்தது. நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு பக்கம்.

விபத்துக்குப் பிறகு பிரிட்டன் முழுக்க 1,200க்கும் மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு விதித்தார்கள். நாட்டின் ரயில் போக்குவரத்தே மாதக்கணக்கில் தடுமாறியது. பாதையின் உரிமையாளரான ரெயில்ட்ராக் நிறுவனம் ஓராண்டு முடிவதற்குள் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அத்தனை இடங்களில் கட்டுப்பாடு ஏன்? விரிசல் இருப்பது தெரியும், எந்த விரிசல் எவ்வளவு ஆழம் என்பது தெரியாது. 1 மி.மீ. ஆழ விரிசலைச் சாணை பிடித்தே அகற்றிவிடலாம். பல மி.மீ. இறங்கிய விரிசல் இருந்தால் தண்டவாளத்தையே மாற்ற வேண்டும். இரண்டும் மேலே இருந்து பார்க்க ஒரேபோல மயிரிழைக் கோடுகள்தான். அந்த 1,200 கட்டுப்பாடுகளை நான் ஓர் அளவீட்டுப் பற்றாக்குறையின் விலையாகவே பார்க்கிறேன். அந்த அளவீடு ஏன் கடினம் என்ற கேள்வி, இயற்பியலில் ஒரு பழைய, அழகான, இன்னும் முழுதாக அடங்காத சிக்கலுக்குள் கொண்டுபோய் விடுகிறது: திடப்பொருளின் மேற்பரப்பில் ஊர்ந்து வரும் அலை, அந்தப் பரப்பு முடியும் மூலையை அடைந்தால் என்ன ஆகும்?

மேலிருந்து பார்க்கும் மீயொலி

அன்றைய வழக்கமான சோதனை, தண்டவாளத்தின் மேல்தளத்தில் ப்ரோப் (அலையை அனுப்பி, திரும்புவதைக் கேட்கும் கருவித்தலை) வைத்து மீயொலியை நேர்கீழாகவும் 70 பாகைச் சாய்விலும் உள்ளே செலுத்துவது. தலைக்கு நடுவே பிறக்கும் குறைகளுக்கு அது நல்ல முறை. உருளும் சக்கரங்களால் வரும் களைப்பு விரிசலோ மேற்பரப்பில் பிறந்து, முதலில் 10 முதல் 30 பாகைச் சாய்வில் கிட்டத்தட்டப் படுத்தபடி உள்ளே போகும். சில மி.மீ. போனபின் அவற்றில் சில மட்டும் கீழ்நோக்கித் திரும்பும். தண்டவாளத்தை உடைப்பவை அவைதான். படுத்திருக்கும் மேல்பகுதி மீயொலியை வழியிலேயே மறித்து, கீழே திரும்பிய பகுதியைத் தன் நிழலில் வைத்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்தில் பல விரிசல்கள் இருந்தால் நிழல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும்.

ஆக, விரிசல் எங்கே பிறக்கிறதோ அங்கேயே பயணம் செய்யும் அலையை அனுப்புவதுதான் இயல்பான யோசனை.

அலையின் உடலமைப்பு

அந்த அலையை 1885இல் கணக்கில் கண்டவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு. லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் வந்த அந்தச் சிறு கட்டுரையிலேயே, நிலநடுக்கத்தில் இந்த அலைக்கு முக்கியப் பங்கு இருக்கலாம் என்று அவர் ஊகித்திருந்தார். அது சரியாகவே போயிற்று.

ரேலி அலை இரண்டு அசைவுகளின் கூட்டு. ஒன்று பொருளை அமுக்கி விரிக்கும் நெட்டலைப் பகுதி. மற்றது சறுக்க வைக்கும் குறுக்கலைப் பகுதி. இரண்டும் மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப் போக வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. தனித்தனியாக எதுவும் மேற்பரப்பில் நிலைத்து ஓட முடியாது. குறிப்பிட்ட ஒரு விகிதத்தில் கலந்தால் மட்டும், காற்றுக்குத் திறந்த தளத்தின் மீது ஒன்று உண்டாக்கும் தகைவை, அதாவது ஓரலகுப் பரப்பின் மீதான விசையை, மற்றது துல்லியமாக அடித்துச் சுழியாக்கிவிடும். அந்த விகிதம் பொருந்தும் ஒரே திசைவேகம்தான் ரேலி வேகம். பாய்சான் விகிதம் (நீளவாக்கில் இழுத்தால் பொருள் குறுக்கே எந்தப் பங்கு சுருங்கும் என்ற எண்) 0.25 உள்ள பொருளில் அது குறுக்கலை வேகத்தின் 0.919 மடங்கு; எஃகில் நொடிக்குச் சுமார் 2,980 மீட்டர். பரப்பிலுள்ள ஒவ்வொரு துகளும் நீள்வட்டத்தில் சுழல்கிறது, அலை போகும் திசைக்கு எதிர்ச் சுழற்சியாக. அலைநீளத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்தில் கிடை அசைவு மறைந்து, அதற்குக் கீழே சுழற்சி தலைகீழாகிறது. ஓர் அலைநீள ஆழத்துக்குள் கிட்டத்தட்ட எல்லா ஆற்றலும் அடங்கிவிடும்.

கடைசியாகச் சொன்னது அளவீட்டுக்கு மிக முக்கியம். 1 மெகாஹெர்ட்ஸில் எஃகில் அலைநீளம் சுமார் 3 மி.மீ.; 250 கிலோஹெர்ட்ஸில் 12 மி.மீ. அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு ஆழம் வரை பார்க்கப்போகிறோம் என்பதைத் தேர்ந்தெடுப்பதே.

ஓரம் ஏன் கண்ணாடி ஆவதில்லை

எஃகுக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்தளம் கிடையாக ஓடி, ஓரத்தில் செங்கோணமாக மடிந்து பக்கத்தளமாக இறங்குகிறது. இரண்டு தளங்களும் திறந்தவை. ஆகவே இரண்டின் மீதும் தகைவு சுழியாக இருந்தே தீர வேண்டும். ரேலி அலை மேல்தளத்தின் நிபந்தனையைத் தன் அமைப்பிலேயே நிறைவேற்றியபடி வருகிறது. பக்கத்தளத்துக்கு அதனிடம் எந்த ஏற்பாடும் இல்லை. ஓரத்தை அடைந்ததும் பக்கத்தளத்தின் மீது இரண்டு தகைவுகளை ஏற்றுகிறது. ஒன்று தளத்தை நேராகத் தள்ளி இழுக்கும் நேர்த் தகைவு. மற்றது தளத்தின் வழியே மேலும் கீழும் உரசும் சறுக்குத் தகைவு.

வந்த அலை அப்படியே திரும்பிப் போனால் போதாதா? போதாது. இதைக் காட்டும் வாதம் ஒரு பத்திக்குள் அடங்கும். திரும்பிப் போகும் ரேலி அலை, வந்த அலையின் இடவலம் மாறிய உரு. இடவலம் மாற்றினால் நேர்த் தகைவின் குறி மாறாது. சறுக்குத் தகைவின் குறி மாறிவிடும். திரும்பும் அலையின் வீச்சு வந்த வீச்சில் எத்தனை பங்கு என்பதைப் பிரதிபலிப்பு எண் என்று வைத்துக்கொண்டால், மொத்த நேர்த் தகைவு ‘ஒன்று கூட்டல் அந்த எண்’ என்பதற்கும், மொத்தச் சறுக்குத் தகைவு ‘ஒன்று கழித்தல் அந்த எண்’ என்பதற்கும் ஏற்ப இருக்கும். முதலாவது மறைய அந்த எண் −1 ஆக வேண்டும். இரண்டாவது மறைய +1 ஆக வேண்டும். ஒரே எண் இரண்டுமாக இருக்க முடியாது. −1 என்று வைத்தால் நேர்த் தகைவு போய்ச் சறுக்குத் தகைவு இரட்டிப்பாகிறது. +1 என்று வைத்தால் நேர்மாறு.

மீந்த தகைவை யாராவது தீர்த்தாக வேண்டும். பக்கத்தளத்தில் கீழ்நோக்கி ஓடும் புதிய ரேலி அலை ஒரு பகுதியைத் தீர்க்கிறது. அதுவும் போதாமல் நெட்டலைகளும் குறுக்கலைகளும் மூலையிலிருந்து கட்டியின் உள்ளுக்குள் விசிறியாகப் பரவுகின்றன. எத்தனை பங்கு எதற்கு என்பதை மூலைக்கோணமும் பாய்சான் விகிதமும் தீர்மானிக்கும். கூரான செம்மையான மூலையில் அதிர்வெண் இதில் தலையிடுவதே இல்லை. அங்கே அலைநீளத்தோடு ஒப்பிட வேறு எந்த நீளமும் கிடையாது என்பதே காரணம்.

எஃகை ஒத்த உலோகங்களில் செங்கோண மூலைக்கு, திரும்பும் ரேலி அலையின் வீச்சு வந்ததில் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 பங்கு, மூலையைச் சுற்றி அடுத்த தளத்துக்குக் கடந்து போவது 0.6 முதல் 0.7 பங்கு வரை. ஆற்றல் வீச்சின் இருமடி என்பதால், திரும்புவது ஏழில் ஒரு பங்கை ஒட்டியது, கடப்பது பாதிக்குச் சற்றுக் குறைவு. மீதி எல்லாம் உள்ளுக்குள் போய்விடுகிறது. வந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஆற்றல் மேற்பரப்பை விட்டே நீங்கிவிடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் தண்டவாளச் சிக்கல் பாதி விளங்கிவிடும்.

இந்த எண்களைப் பிடிக்க ஆன காலம் வியப்பானது. 1950களின் கடைசியில் மாஸ்கோவில் விக்தோரவ் உலோக ஆப்புகளில் கோணத்தை மாற்றி மாற்றி அளந்தார். அதே சமயம் அமெரிக்காவில் டி பிரேமேக்கர் மெல்லிய தகடுகளை நிலத்தின் மாதிரியாக வைத்து அளந்தார். கண்டத்தின் விளிம்பிலும் மலைச்சரிவிலும் நிலநடுக்க அலை என்ன ஆகும் என்பது புவியியற்பியலாளர்களின் கவலை. 1960களில் நோபோஃப், ஹட்சன், மால் முதலியோர் தோராயக் கணக்குகள் தந்தார்கள். 1969இல் ஆல்டர்மனும் ரோட்டன்பர்க்கும் செங்கோண மூலை கொண்ட திடப்பொருள் ஒன்றைக் கணினியில் கட்டங்களாகப் பிரித்து அலையை ஓட விட்டார்கள். எந்தக் கோணத்துக்கும் நம்பகமான எண்களைத் தரும் அரைப் பகுப்பாய்வு முறை (பாதி சூத்திரம், பாதி எண்கணக்கு), பெர்க்லியின் புடாயெவும் போகியும் 1990களில் எழுதிய கட்டுரைகளில்தான் உருப்பெற்றது. எழுதி வைத்து எண்களைப் போட்டால் விடை வரும் மூடிய சூத்திரம் செங்கோண மூலைக்குக்கூட இல்லை. இத்தனை எளிய வடிவத்துக்கு, ரேலியின் கட்டுரை வெளிவந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியும்!

சோதனைகளில் எல்லாரும் கண்ட ஒன்று, கோணத்தோடு இந்த எண்கள் சீராக ஏறவோ இறங்கவோ இல்லை என்பது. 180 பாகை என்றால் மூலையே இல்லை, முழுதும் கடக்கிறது. கோணத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பிரதிபலிப்பும் கடத்தலும் ஏறி இறங்குகின்றன. கூரிய ஆப்பில் ஏற்ற இறக்கம் நெருக்கமாகிறது. ஆப்பு மெலிந்து அதன் தடிமன் அலைநீளத்துக்குள் வந்ததும், இரண்டு முகங்களிலும் உள்ள அசைவுகள் ஒன்றையொன்று உணர்ந்து, தகட்டில் ஓடும் அலையைப் போல நடந்துகொள்வதுதான் காரணம்.

விரிசல் என்பது இரண்டு மூலையும் ஒரு முனையும்

இப்போது தண்டவாளத்துக்கு வருவோம். மேற்பரப்பில் திறக்கும் செங்குத்து விரிசலின் வாயில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கோண மூலை. அடியில் விரிசல் முனை. 1 மெகாஹெர்ட்ஸ் அலை 5 மி.மீ. ஆழ விரிசலை நோக்கி வருகிறது என்று கொள்வோம். முதல் மூலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான வீச்சு உடனே திரும்புகிறது. இந்த முதல் எதிரொலி விரிசலின் ஆழம் பற்றி எதுவுமே சொல்வதில்லை; அது பார்த்தது மூலையை மட்டும். 5 மி.மீ. விரிசலும் 15 மி.மீ. விரிசலும் இங்கே ஒரே பதிலைத் தரும். எதிரொலி பெரிதாக இருந்தால் விரிசல் பெரியது என்று படிக்கும் பழக்கம், அலைநீளத்தை விட ஆழமான விரிசல்களில் பொய்த்துப்போகும். ஆபத்தான விரிசல்கள் அவைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூலையைக் கடந்த பகுதி விரிசலின் முகத்தில் இறங்கி முனையை அடைகிறது. அங்கே மறுபடி பங்கீடு: ஒரு பகுதி திரும்பி மேலே ஏறுகிறது, ஒரு பகுதி முனையைச் சுற்றி மறுமுகத்தில் ஏறுகிறது, ஒரு பகுதி உள்ளுக்குள் போகிறது. திரும்பி ஏறிய அலை மூலையில் மறுபடியும் மேல்தளத்துக்குக் கடந்து ப்ரோப்பை அடைகிறது. இறங்கி ஏறிய தூரம் 10 மி.மீ.; அதற்கான நேரம் சுமார் 3.4 மைக்ரோநொடி. முதல் எதிரொலிக்கும் இதற்கும் உள்ள இடைவெளியே ஆழத்தின் அளவுகோல். மூலைக்கு என்ன பிரதிபலிப்பு எண் என்ற கேள்வியே இதில் எழுவதில்லை.

ஆனால் வீச்சைக் கவனியுங்கள். மூலையை இரண்டு முறை கடந்ததிலேயே வீச்சு 0.4 பங்காகச் சுருங்கிவிட்டது. முனையில் இழந்தது அதற்கு மேல். நடுவே, மூலையிலும் முனையிலும் பிறந்த குறுக்கலைகள் சற்று முன்பின்னாக வந்து குறுக்கிடும். ஆழம் 1 மி.மீ. மட்டுமே என்றால் இடைவெளி 0.67 மைக்ரோநொடி, அலையின் ஓர் அதிர்வுக் காலத்துக்கும் குறைவு. இரண்டு எதிரொலிகளும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். அப்போது அதிர்வெண்ணை உயர்த்த வேண்டியதுதான். ஆனால் சக்கரங்கள் தேய்த்த பரப்பின் சொரசொரப்பும் எஃகின் மணியமைப்பும் உயர் அதிர்வெண்ணைச் சிதறடிக்கும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் நடைமுறைக் கருவிகள் வேலை செய்கின்றன.

சாய்ந்த விரிசல் இன்னும் சுவையானது. 25 பாகைச் சாய்வில் உள்ளே போகும் விரிசலுக்கு ஒரு பக்கத்து மூலை 25 பாகைக் கூரிய ஆப்பு. மறுபக்கத்தது 155 பாகை. ஒரே விரிசலை எந்தப் பக்கமிருந்து அணுகுகிறோம் என்பதைப் பொறுத்து முற்றிலும் வேறான பதில் வரும். விரிந்த பக்கமிருந்து வரும் அலை, மூலையை அதிகம் உணராமல் விரிசல் முகத்தில் வழுக்கி இறங்கிவிடும். கூரிய பக்கமிருந்து வரும் அலை, மெலிந்துகொண்டே போகும் எஃகு நாக்குக்குள் நுழைந்து, நுனியில் வீச்சு பெருகி, முன்னும் பின்னும் ஓடித்தான் வெளியேறும். ஒரே திசையில் மட்டும் சோதிப்பது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

வளைந்த ஓரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. கேஜ் கார்னர் கூரான மூலை இல்லை. அதன் வளைவு ஆரம் சுமார் 13 மி.மீ. வளைவின் ஆரம் அலைநீளத்தைப் போலப் பல மடங்கு இருந்தால் ரேலி அலை பெரிய இழப்பில்லாமல் அதைச் சுற்றிப் போய்விடும், எதிரொலி அற்பம். 1 மெகாஹெர்ட்ஸில் 3 மி.மீ. அலைக்கு இந்த வளைவு கிட்டத்தட்ட நேர்ப்பாதை. 12 மி.மீ. அலைக்கு அது உண்மையிலேயே ஒரு மூலை. விரிசலே இல்லாத தண்டவாளத்திலும் கருவியில் தெரியும் சில எதிரொலிகள் இந்த வளைவிலிருந்தும் தலையின் கீழ்விளிம்பிலிருந்தும் வருபவை.

கடந்து போனதைக் கேட்பது

ஹாட்ஃபீல்டுக்குப் பிந்தைய ஆண்டுகளில் வாரிக் பல்கலைக்கழகக் குழு ஒன்று எதிரொலியை விட்டுவிட்டு, விரிசலைத் தாண்டி வந்த அலையைப் படிக்கும் வழியில் போனது. என் பார்வையில் அது மூலைச் சிக்கலின் இயல்பை உணர்ந்து எடுத்த சரியான முடிவு. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட மின்காந்த ப்ரோப், தண்டவாளத்தைத் தொடாமல், தண்ணீரோ பசையோ தடவாமல், எஃகில் ரேலி அலையை எழுப்பும். சற்றுத் தள்ளி இன்னொன்று அதைக் கேட்கும். அலைத்துடிப்பில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். குறுகிய அலைநீளங்கள் மேற்பரப்பை ஒட்டியே ஓடுவதால் விரிசல் அவற்றை மறித்துவிடும். நீண்ட அலைநீளங்கள் விரிசலின் முனைக்கும் கீழே இறங்கியிருப்பதால் அடியில் நுழைந்து போய்விடும். எந்த அதிர்வெண்ணிலிருந்து மேலே உள்ளவை காணாமல் போயின என்று பார்த்தால் ஆழம் கிடைக்கும். கீரைத் தண்டை அலசும் சல்லடையைப் போல, விரிசலே தன் அளவுக்கு ஏற்றபடி வடிகட்டித் தருகிறது.

இன்னொரு விளைவும் உதவிக்கு வந்தது. கேட்கும் ப்ரோப் விரிசலின் வாயை நெருங்கும்போது, வரும் அலையும் திரும்பும் அலையும் உள்ளிருந்து கிளம்பும் குறுக்கலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சமிக்ஞை திடீரென்று உயர்கிறது. விரிசலின் இருப்பிடத்தை மிகத் துல்லியமாகக் குறிக்க அந்த உயர்வு போதும். மேலே பார்த்த ‘ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல்’ கணக்கின் கண்கூடான வடிவம் அது.

முழுதாகத் திரும்பும் அலை

மூலையில் சிதறாத மேற்பரப்பு அலையும் உண்டு என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது. 1911இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் லவ் விவரித்த அலையில் துகள்கள் ஓரத்துக்கு இணையாக, கிடையாக மட்டும் அசைகின்றன. ஓரத்துக்குச் செங்குத்தாக அது வந்து சேரும்போது பக்கத்தளத்தின் மீது ஏற்றும் தகைவு ஒன்றே ஒன்று. ஒரு நிபந்தனைக்கு ஓர் எண் போதும்: பிரதிபலிப்பு எண் +1. எல்லா ஆழத்திலும் தகைவு ஒருசேர மறைகிறது, அலை முழுதாகத் திரும்புகிறது, உள்ளுக்குள் எதுவும் கசிவதில்லை.

1968–69இல் புளூஸ்டைனும் குல்யாயெவும் தனித்தனியே கண்ட, அழுத்தமின் பொருள்களில் (அமுக்கினால் மின்னழுத்தம் தருபவற்றில்) ஓடும் குறுக்கசைவு மேற்பரப்பு அலைக்கும் கிட்டத்தட்ட இதே நற்குணம் உண்டு. ஜப்பானின் முராட்டா நிறுவனத்தில் கதோட்டாவும் கூட்டாளிகளும் அதைப் பயன்படுத்தி, சில்லின் வெட்டு விளிம்பையே பிரதிபலிப்பானாக வைத்த அதிர்விகளை (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் ஒத்ததிரும் மின்னணுப் பாகங்களை) செய்தார்கள். ரேலி அலையில் ஓடும் அதிர்விக்கு இந்த வசதி இல்லை. நூற்றுக்கணக்கான மெல்லிய உலோகக் கோடுகளை இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டுத்தான் அலையைத் திருப்ப வேண்டும். விளிம்பே திருப்பிவிட்டால் அந்த நீளம் முழுதும் மிச்சம்.

இந்த அலையைத் தண்டவாளத்தில் ஓட்ட முடியுமா என்றால், முடியாது. சீரான எஃகின் திறந்த பரப்பில் குறுக்கசைவு மேற்பரப்பு அலைக்கு இடமே இல்லை. அதற்கு மேலே ஒரு மெதுவான அடுக்கோ அழுத்தமின் தன்மையோ வேண்டும். எஃகு நமக்குத் தருவது ரேலி அலை ஒன்றைத்தான், அதன் சிதறலோடு சேர்த்து.

அளவுகோல் செய்பவர்களுக்கு

கருவியை அளவுதிருத்த, நல்ல தண்டவாளத் துண்டில் மின்பொறி வெட்டால் தெரிந்த ஆழத்துக்குப் பிளவுகள் போடுவது வழக்கம். அந்தப் பிளவின் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை; வாயின் மூலை கூர்மையாக, கணக்குக்கு உகந்தபடி இருக்கும். உண்மையான களைப்பு விரிசலின் முகங்கள் பல இடங்களில் தொட்டுக்கொண்டிருக்கும். தண்டவாளத் தலையில் சக்கரங்கள் விட்டுப்போன அமுக்கத் தகைவு அவற்றை இன்னும் இறுக்கும். தொடும் இடத்தில் தளம் திறந்ததாக இருக்காது. தகைவு சுழி என்ற நிபந்தனை அங்கே பொருந்தாது. அலையின் ஒரு பங்கு விரிசலின் ஊடாகவே கடந்துவிடும். கருவி காட்டும் ஆழம் உண்மையை விடக் குறைவாக வரும். பிழை எப்போதும் ஆபத்தான பக்கமாகவே சாய்கிறது என்பதால், வெட்டிய பிளவில் கிடைத்த அளவுதிருத்த வரைகோட்டை அப்படியே பாதைக்கு எடுத்துப்போவதை நான் ஏற்க மாட்டேன். ஓடித் தேய்ந்து கழற்றப்பட்ட தண்டவாளத்தை அளந்துவிட்டு, அதே இடத்தை அறுத்துப் பார்த்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கருவியைத்தான் பாதையில் இறக்க வேண்டும்.